தனியாள் விற்ற துப்பாக்கி டீலர் வழியாகப் போகும்போது: அமெரிக்காவில் எங்கே சிக்கும், எப்படி எடுப்பது

டெக்சாஸில் இருப்பவர் தன் ரிவால்வரை ஒஹாயோவில் இருப்பவருக்கு விற்கிறார். விலை பேசியாயிற்று, பணமும் வந்தாயிற்று. இனி பெட்டியில் போட்டு அனுப்ப வேண்டியதுதானே என்று தோன்றும். ஆனால் 1968-ஆம் ஆண்டின் துப்பாக்கிக் கட்டுப்பாட்டுச் சட்டப்படி, லைசென்ஸ் இல்லாத ஒருவர் வேறு மாநிலத்தில் வசிக்கும், அதே போல லைசென்ஸ் இல்லாத இன்னொருவருக்கு நேராகத் துப்பாக்கியை விற்று அனுப்பக் கூடாது. கூட்டாட்சி லைசென்ஸ் உள்ள டீலர் ஒருவர் நடுவில் நின்று, வாங்குபவரின் பின்னணியைச் சோதித்துவிட்டுத்தான் கையில் கொடுக்க வேண்டும். கைத்துப்பாக்கி என்றால் அந்த டீலர் வாங்குபவர் வசிக்கும் மாநிலத்திலேயே இருக்க வேண்டும். ரைஃபிள், ஷாட்கன் போன்ற நீளத் துப்பாக்கி என்றால், இரு மாநிலச் சட்டமும் இடம் கொடுத்தால், வேறு மாநில டீலரிடம் நேரில் போயும் வாங்கலாம்.

இந்த வழியில் வரும் சிக்கல்கள் பார்வைக்குப் பலவிதமாக இருக்கும். பெட்டி வந்து பத்து நாளாகியும் டீலர் ஃபோன் செய்யவில்லை, லேபிளில் முகவரி தப்பு, மாடல் எண் ஒத்துப்போகவில்லை என்று நீளும். ஆனால் பெரும்பாலானவற்றின் வேர் ஒன்றுதான். டீலரிடம் வரவு, பற்றுப் பதிவேடு ஒன்று இருக்கிறது. துப்பாக்கி கைக்கு வந்தால், அடுத்த வேலைநாள் முடிவதற்குள் அதில் ஒரு வரி எழுதியாக வேண்டும்: வந்த தேதி, யாரிடமிருந்து வந்தது, தயாரித்த கம்பெனி, வெளிநாட்டுச் சரக்கானால் இறக்குமதி செய்தவர், மாடல், சீரியல் நம்பர், வகை, கேலிபர் (குழல் துளையின் அளவு). ஏடிஎஃப் (துப்பாக்கி லைசென்ஸ் கொடுத்துக் கண்காணிக்கும் கூட்டாட்சி அமைப்பு) ஆய்வாளர் கடைக்கு வந்தால் முதலில் கேட்பது இந்தப் பதிவேட்டைத்தான். அதில் ஓட்டை இருந்தால் லைசென்ஸே போகலாம். அந்த வரியை எழுத விடாமல் தடுப்பது எதுவோ, அது உங்கள் பெட்டியைக் கடையின் மூலையில் உட்கார வைக்கும். டீலர் கெடுபிடி பண்ணுகிறார் என்று கோபப்படும் முன், எந்தக் கட்டத்தை நிரப்ப முடியாமல் அவர் நிற்கிறார் என்று கேட்டுப் பாருங்கள். பாதிப் பிரச்சினை அந்தக் கேள்வியிலேயே தீரும்.

யார் அனுப்புவது

பழைய அறிவுரைகளில் "யுபிஎஸ் கவுன்டருக்குக் கொண்டுபோய்ச் சொல்லிவிட்டு அனுப்பு" என்று இருக்கும். அது இன்று நடக்காது. யுபிஎஸ், ஃபெடெக்ஸ் என்ற இரண்டு பார்சல் கம்பெனிகளுமே லைசென்ஸ் வைத்திருந்து, தங்களோடு தனி ஒப்பந்தமும் போட்டிருக்கும் ஆட்களிடமிருந்து மட்டும்தான் துப்பாக்கிப் பார்சலை எடுக்கின்றன. தனியாள் ஒருவர் "மெஷின் பாகம்" என்று எழுதிக் கொடுத்தால் பார்சல் போய்ச் சேரலாம். ஆனால் தொலைந்தாலோ உடைந்தாலோ ஒரு டாலர்கூடக் கிடைக்காது. கேட்கப் போனால் உண்மையை மறைத்ததற்குப் பதில் சொல்ல வேண்டிவரும்.

ஆகவே விற்பவருக்கு இரண்டு வழிகள். ரைஃபிள் அல்லது ஷாட்கன் என்றால் அமெரிக்க அஞ்சல் துறை வழியாக, எந்த மாநிலத்து டீலருக்கும் நீங்களே அனுப்பலாம். கைத்துப்பாக்கியைத் தனியாள் அஞ்சலில் அனுப்புவதை 1927-இல் வந்த சட்டம் தடுத்தது. டீலர்கள் மட்டும் 1508 என்ற படிவத்தைக் கொடுத்து இன்னொரு டீலருக்கு அனுப்ப முடிகிறது. அஞ்சல் விதிகள் எல்லாம் "பப்ளிகேஷன் 52" என்ற விதிநூலில் இருக்கின்றன. அனுப்பும் நாளில் அதில் என்ன அச்சாகியிருக்கிறதோ அதை மட்டும் நம்புங்கள். துப்பாக்கி பற்றிய பக்கத்தை அச்செடுத்துக் கையில் கொண்டுபோங்கள். ரைஃபிளையும் அனுப்பக் கூடாது என்று திருப்பி அனுப்பும் அஞ்சலக ஊழியர்கள் உண்டு. வாக்குவாதத்தால் ஆகாத காரியம் அந்தத் தாளால் ஆகும்.

கைத்துப்பாக்கிக்கு நடைமுறை வழி உங்கள் ஊர் டீலரிடம் கொடுத்து அனுப்பச் சொல்வதுதான். கட்டணம் கொஞ்சம் வலிக்கும். ஆனாலும் ரைஃபிளுக்குக்கூட இதையே நாங்கள் பரிந்துரைப்போம். காரணம் அந்தப் பதிவேட்டு வரி. நீங்களே அனுப்பினால் பெறும் டீலர் "யாரிடமிருந்து" என்ற இடத்தில் உங்கள் பெயரையும் வீட்டு முகவரியையும் எழுத வேண்டும். அதற்கு உங்கள் அடையாள அட்டை நகல் வேண்டும். அனுப்புநர் என்று வெறும் பெயரின் முதலெழுத்தோ, வாடகைத் தபால்பெட்டி முகவரியோ மட்டும் இருந்தால் அவரால் எழுத முடியாது. தனியாட்களிடமிருந்து வரும் பெட்டியை வாங்கவே மாட்டோம் என்று கொள்கை வைத்திருக்கும் கடைகளும் கணிசம். டீலரிடமிருந்து டீலருக்குப் போனால் அந்த இடத்தில் அனுப்பும் டீலரின் பெயரும் லைசென்ஸ் நம்பரும் விழும், விஷயம் முடிந்தது.

இதில் ஒரு சின்னப் பொறி இருக்கிறது. பெறும் டீலர் விற்பவர் பெயரில் பெட்டி வரும் என்று காத்திருப்பார். வருவதோ முன்பின் தெரியாத ஒரு கடையின் பெயரில். யாருக்கு வந்தது என்று தெரியாமல் அது உள்ளே போய்விடும். பெட்டிக்குள், துப்பாக்கிக்கு மேலேயே படும்படி ஒரு தாள் வையுங்கள்: வாங்குபவரின் முழுப்பெயர், ஃபோன் நம்பர், விற்றவரின் பெயர், ஃபோன் நம்பர், அனுப்பும் டீலரின் லைசென்ஸ் நகல், துப்பாக்கியின் கம்பெனி, மாடல், கேலிபர், சீரியல். தனியாளாக அனுப்பினால் ஓட்டுநர் உரிமத்தின் நகலும் அதோடு போக வேண்டும். இதே விவரத்தை மின்னஞ்சலிலும் டீலருக்கு அனுப்பி, "கிடைத்தது" என்ற பதில் வந்த பிறகு பெட்டியை மூடுங்கள். அந்த மின்னஞ்சலிலேயே டிராக்கிங் நம்பரையும் பின்னால் சேர்த்துவிட்டால் தேடும்போது எல்லாம் ஒரே இடத்தில் கிடைக்கும்.

லைசென்ஸ் நகலைப் படிக்கத் தெரிந்துகொள்ளுங்கள்

வாங்குபவர் அனுப்பும் லைசென்ஸ் நகலை நம்பி அனுப்புவது பெரிய தப்பு. ஏடிஎஃப் தளத்தில் "இஸி செக்" என்ற வசதி இருக்கிறது. லைசென்ஸ் நம்பரின் முதல் 3 இலக்கங்களையும் கடைசி 5 இலக்கங்களையும் போட்டால், லைசென்ஸ்காரரின் பெயர், கடைப்பெயர், கடை இருக்கும் முகவரி, காலாவதித் தேதி எல்லாம் வரும். நகலில் உள்ள முகவரியும் இங்கே வரும் முகவரியும் ஒன்றா என்று பாருங்கள். மோசடிக்காரர்கள் உண்மையான கடையின் லைசென்ஸை எடுத்து, முகவரியை மட்டும் மாற்றி அனுப்புவார்கள். நம்பர் சரியாகவே காட்டும். அதனால் கடையின் ஃபோன் நம்பரை நகலிலிருந்து எடுக்காமல் தனியாகத் தேடி எடுத்துக் கூப்பிட்டு, இந்தப் பெயரில் ஒருவர் உங்களிடம் துப்பாக்கி வரவழைக்கிறாரா என்று கேளுங்கள். இரண்டு நிமிட வேலை.

அந்த 15 இலக்க நம்பரிலேயே சில விஷயங்கள் ஒளிந்திருக்கின்றன. நான்காவது தொகுதியாக வரும் இரண்டு இலக்கம் லைசென்ஸ் வகை. 01 என்றால் டீலர், 02 என்றால் அடகுக்கடை, 07 என்றால் தயாரிப்பாளர். இந்த மூவரும் கைமாற்றம் செய்யலாம். 03 என்றால் பழம்பொருள் சேகரிப்பவர். 50 ஆண்டு தாண்டியவை போன்ற, அந்த வகையில் சேரும் துப்பாக்கிகளைத் தன் சேகரிப்புக்காக மட்டும் அவர் வாங்கலாம். இன்னொருவருக்காக நடுவில் நிற்க முடியாது. 06 என்றால் தோட்டா தயாரிப்பவர், துப்பாக்கிக்கு அது உதவாது. அடுத்த தொகுதியில் ஓர் எண்ணும் ஓர் எழுத்தும் இருக்கும். எண் காலாவதி ஆண்டின் கடைசி இலக்கம், எழுத்து மாதம். ஏ என்றால் ஜனவரி, அப்படியே எம் வரை போனால் டிசம்பர். நடுவில் ஐ மட்டும் கிடையாது. நகலில் அச்சாகியிருக்கும் தேதியும் இந்தக் குறியும் பொருந்தவில்லை என்றால் யாரோ கை வைத்திருக்கிறார்கள்.

தேதி தாண்டிய லைசென்ஸ் எல்லாம் செத்த லைசென்ஸ் ஆகிவிடாது. லைசென்ஸுக்கு ஆயுள் 3 ஆண்டு. புதுப்பிக்க உரிய காலத்தில் விண்ணப்பித்தவருக்கு, புது லைசென்ஸ் வரும்வரை தொழில் நடத்தலாம் என்று ஏடிஎஃப் ஒரு கடிதம் கொடுக்கும். அந்தக் கடிதத்தின் நகலையும் கேட்டு வாங்கிக்கொண்டால் போதும், விற்பனையை ரத்து செய்ய வேண்டியதில்லை.

சீரியல் நம்பர்

அதிக நேரம் தின்னும் சிக்கல் இதுதான். 0 என்ற எண்ணும் ஓ என்ற எழுத்தும், 1-உம் ஐயும், 5-உம் எஸ்ஸும், 8-உம் பியும் தேய்ந்த எஃகில் ஒன்றுபோலத் தெரியும். விளம்பரத்தில் ஒன்று, அனுப்பும் டீலரின் ரசீதில் இன்னொன்று, துப்பாக்கியில் மூன்றாவது என்று வந்தால் பெறும் டீலர் நிறுத்திவிடுவார். நிறுத்துவதுதான் சரி. அப்போது செய்ய வேண்டியது: நல்ல வெளிச்சத்தில், பக்கவாட்டில் விளக்கைச் சாய்த்துப் பிடித்து எடுத்த படத்தை இரு டீலருக்கும் அனுப்பி, தப்பாக எழுதியவர் தன் பதிவேட்டைத் திருத்தும்படி கேட்பது. திருத்தம் என்றால் பழையதை அழிப்பதில்லை. படிக்கும்படி ஒரு கோடு போட்டு, சரியானதை எழுதி, தேதியும் சுருக்கொப்பமும் இடுவார்கள்.

ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் ரிவால்வரில் தோட்டாக்கள் இருக்கும் சிலிண்டரைத் திறந்ததும் உள்ளே சட்டகத்தில் எண்கள் தெரியும். அவை மாடல் எண்ணும், தொழிற்சாலையில் பொருத்தும்போது போட்ட எண்ணும். பல மாடல்களில் உண்மையான சீரியல் கைப்பிடியின் அடியில் இருக்கும். மேலே பெரிய ரப்பர் பிடி மாட்டியிருந்தால் கழற்றித்தான் பார்க்க வேண்டும். இந்த ஒரு குழப்பத்தால் நின்றுபோன பெட்டிகளுக்குக் கணக்கே இல்லை. சிக் பி320 போன்ற பிஸ்டலில் சீரியல் உள்ளே இருக்கும் உலோகச் சட்டகத்தில் இருக்கிறது. பிளாஸ்டிக் பிடியில் உள்ள சின்ன ஜன்னல் வழியாகத் தெரியும். மேலே முன்னும் பின்னும் நகரும் ஸ்லைடிலோ குழலிலோ உள்ள நம்பரை எழுதக் கூடாது. சட்டப்படி துப்பாக்கி என்பது மற்ற பாகங்களைத் தாங்கும் ஃபிரேம் அல்லது ரிசீவர்தான். அதில் உள்ள நம்பரே கணக்கு.

தயாரிப்பாளர் பெயரிலும் தடுமாற்றம் வரும். கிளாக் பிஸ்டல் ஆஸ்திரியாவில் செய்தது, இறக்குமதி செய்தது ஜார்ஜியா மாநிலம் ஸ்மைர்னாவில் உள்ள கிளாக் நிறுவனம் என்றால் இரண்டு பெயரும் எழுத வேண்டும். சியர்ஸ், மான்ட்கோமரி வார்ட் போன்ற பழைய பல்பொருள் அங்காடிகள் வேறு கம்பெனியிடம் செய்வித்துத் தங்கள் பெயரில் விற்ற ரைஃபிள்களும் உண்டு. உண்மையில் செய்தது யார் என்று ஆராய்ச்சி செய்து எழுதாமல், துப்பாக்கியில் பொறித்திருப்பதை அப்படியே எழுதுங்கள்.

1968-க்கு முன் வந்த மலிவான .22 ரைஃபிள்களிலும் ஷாட்கன்களிலும் சீரியலே இல்லாதவை ஏராளம். அது குற்றமில்லை. "சீரியல் இல்லை" என்று உள்தாளில் முன்கூட்டியே எழுதிவிடுங்கள், டீலர் பதறாமல் இருப்பார். சுரண்டி அழித்த நம்பர் அப்படியல்ல. அது கூட்டாட்சிக் குற்றம். அப்படி ஒன்று கையில் இருந்தால் விற்கவும் வேண்டாம், அனுப்பவும் வேண்டாம், வக்கீலைப் பாருங்கள். 1898-இலோ அதற்கு முன்போ செய்த துப்பாக்கி கூட்டாட்சிச் சட்டத்தின் கண்ணில் துப்பாக்கியே அல்ல, பழம்பொருள். டீலரே தேவைப்படாது, மாநிலச் சட்டத்தை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

பெட்டி கட்டுவது

முதலில் காலியா என்று பாருங்கள். தோட்டா அடுக்கும் மேகசினைக் கழற்றி, சுடும்போது தோட்டா உட்காரும் சேம்பரைத் திறந்து, கண்ணால் பார்த்து, விரலாலும் தொட்டு. ஷாட்கன்னின் மேகசின் குழாய்க்குள் ஒரு தோட்டா மறந்து கிடப்பது நடக்கிற கதைதான். சேம்பரில் நிறக் கொடி போன்ற பிளாஸ்டிக் அடைப்பானைச் செருகுங்கள். தோட்டா எதையும் அதே பெட்டியில் போடக் கூடாது. அஞ்சலில் தோட்டாவே போகாது. "சும்மா ஒரு பெட்டி தோட்டா இனாம்" என்ற தாராளத்தால் பார்சல் பறிமுதல் ஆகலாம்.

அதிகம் உடைவது தோளில் அணைக்கும் மரக்கட்டை ஸ்டாக்கின் கழுத்து, அதாவது ட்ரிகருக்குப் பின்னால் மெலியும் இடம். நீளமான பெட்டியின் நடுவில் எதுவும் தாங்காமல் இருந்தால், மேலே கனமான பார்சல் விழும்போது அந்த இடம் பிளக்கும். இரட்டைக்குழல் ஷாட்கன், பம்ப் ஷாட்கன் எல்லாம் கழற்றக் கூடியவை. குழலையும் ஸ்டாக்கையும் பிரித்து, தனித்தனியாகச் சுற்றிக் குட்டைப் பெட்டியில் போட்டால் உடையும் வாய்ப்பும் குறையும், கட்டணமும் குறையும். போல்ட் ரைஃபிளின் போல்ட்டை உருவித் தனியாகச் சுற்றுங்கள். உருவாமல் விட்டால் போல்ட் கைப்பிடி பெட்டியைத் துளைத்துக்கொண்டு வெளியே எட்டிப் பார்க்கும். ஸ்கோப்பைக் கழற்றினால் நல்லது. கழற்ற மனமில்லை என்றால் இரு பக்கமும் கெட்டியான ஃபோம் வைத்து, ஸ்கோப்பின் மேல் எந்த எடையும் ஏறாதபடி பாருங்கள். எலக்ட்ரானிக் சைட் இருந்தால் பேட்டரியை எடுத்துவிடுங்கள்.

குழல்முனை, ஸ்டாக்கின் அடி, இந்த இரண்டு நுனிக்கும் குறைந்தது 5 சென்டிமீட்டர் கெட்டியான ஃபோம் வேண்டும். அடி விழுவது பெரும்பாலும் நீளவாக்கில்தான். குமிழிப் பிளாஸ்டிக்கை மட்டும் நம்பினால் குழல்முனை அதைக் குத்திக்கொண்டு வெளியே வரும். பிளாஸ்டிக் கேஸில் வைத்து, அதை அட்டைப்பெட்டிக்குள் இறக்குவது சிறந்தது. கேஸை மட்டும் லேபிள் ஒட்டி அனுப்பாதீர்கள். உள்ளே என்ன என்று ஊருக்கே சொன்ன மாதிரி. கேஸில் உள்ள ஃபோம் ஈரத்தைப் பிடித்து வைக்கும், நீலமேற்றிய எஃகில் ஒரு மாதத்தில் துரு வரும். டீலர் கடையில் எத்தனை நாள் கிடக்கும் என்று தெரியாதல்லவா? துருத் தடுப்புப் பையிலோ, லேசாக எண்ணெய் தடவிய துணியிலோ சுற்றி, ஈரம் உறிஞ்சும் பொட்டலம் ஒன்று போடுங்கள். மூடியபின் பெட்டியைக் குலுக்கினால் உள்ளே எதுவும் அசையும் சத்தம் கேட்கக் கூடாது.

வெளியே துப்பாக்கி என்று காட்டும் எந்த எழுத்தும் வேண்டாம். பெறுபவரின் கடைப்பெயரிலேயே "கன்ஸ்" என்று இருந்தால் சிக்கல்தான். லைசென்ஸில் உரிமையாளர் பெயரோ நிறுவனப் பெயரோ தனியாக இருக்கும். அதைப் போடலாமா என்று அந்த டீலரைக் கேட்டுவிட்டு லேபிளில் அதையே போடுங்கள். அஞ்சலில் ரிஜிஸ்டர்டு முறையில் அனுப்பினால் மெதுவாகப் போகும், ஆனால் கை மாறும் ஒவ்வோர் இடத்திலும் கையெழுத்து விழும். அதற்குப் பளபளக்கும் பிளாஸ்டிக் டேப் ஒட்டினால் வாங்க மாட்டார்கள். முத்திரை குத்தினால் மை ஒட்ட வேண்டும் என்பதால் பழுப்புக் காகித டேப்தான் கேட்பார்கள்.

படங்கள்: சீரியல், இரு பக்கமும் முழுத் துப்பாக்கி, திறந்த பெட்டி, மூடிய பெட்டி, லேபிள். உடைந்து போனால் இவைதான் சாட்சி.

வழியில் நிற்கும் பெட்டி

திங்கள், செவ்வாயில் அனுப்புங்கள். வியாழனில் போட்டால் சனி, ஞாயிறு கிடங்கில் கிடக்கும். அதோடு பல துப்பாக்கிக் கடைகளுக்கு ஞாயிறும் திங்களும் விடுமுறை. வயது வந்தவர் கையெழுத்துப் போட்டே வாங்க வேண்டும் என்பதால் கடை மூடியிருந்தால் வண்டிக்காரர் திருப்பி எடுத்துப் போவார். சில முறை முயன்றபின் அனுப்புநருக்கே திரும்பும். அந்த நேரத்தில் வாங்குபவர் "நானே கிடங்குக்குப் போய் எடுத்துக்கொள்கிறேன்" என்று கிளம்புவார். கூடவே கூடாது. சோதனை இல்லாமல் அவர் கையில் போனால் அது சட்டமீறல், அனுப்பியவர் தலையும் சேர்ந்தே உருளும். கடைக்காரர்தான் பார்சல் கம்பெனியைக் கூப்பிட்டு நாள் மாற்ற வேண்டும்.

இதைவிட மோசமானது லேபிள் அடிக்கும்போது பணம் அனுப்பியவரின் வீட்டு முகவரி தானாக ஏறிக்கொள்வது. டிராக்கிங்கில் இலக்கு நகரம் வேறாகத் தெரிந்த உடனே, யார் கணக்கில் பார்சல் போனதோ அவர் வழிமறித்துத் திருப்பச் சொல்ல வேண்டும். டீலர் கணக்கு என்றால் டீலர்தான் கூப்பிட முடியும். நீங்கள் கூப்பிட்டால் பேசக்கூட மாட்டார்கள்.

தொலைந்துவிட்டது என்று தெரிந்தால் நேரம் ஓடுகிறது. அனுப்பிய டீலர், விஷயம் தெரிந்த 48 மணி நேரத்துக்குள் ஏடிஎஃப்பிடமும் உள்ளூர் போலீஸிடமும் சொல்ல வேண்டும். அதற்கான படிவம் 3310.11. பெறும் டீலரின் கைக்கு இன்னும் வராத சரக்கு என்பதால் பொறுப்பு அனுப்பியவருடையது. நீங்களே அஞ்சலில் அனுப்பியிருந்தால் போலீஸில் சீரியலோடு புகார் எழுதிக் கொடுத்து, அஞ்சல் துறையின் ஆய்வுப் பிரிவுக்கும் தெரிவியுங்கள். நாளை அந்தத் துப்பாக்கி எங்காவது அகப்பட்டால் அந்தப் புகார் உங்களைக் காப்பாற்றும்.

உடைந்து வந்தால் பெட்டி, ஃபோம், டேப் எதையும் எறியாதீர்கள். பார்சல் கம்பெனி ஆள் வந்து பார்க்கும்வரை அவை இருக்க வேண்டும். நஷ்டஈடு பார்சல் கணக்கு வைத்திருப்பவருக்குத்தான் போகும். டீலர் கணக்கில் போயிருந்தால் பணம் டீலருக்கு வரும். அது அப்படியே விற்றவருக்கா, வாங்கியவருக்கா என்று அனுப்பும் முன்பே ஒரு மின்னஞ்சலில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

மாநிலச் சட்டம் குறுக்கே வரும்போது

கூட்டாட்சிச் சட்டப்படி எல்லாம் சரியாக இருந்து, மாநில எல்லையில் சிக்குவது உண்டு. கலிஃபோர்னியா டீலருக்கு வெளிமாநில டீலர் அனுப்ப வேண்டும் என்றால், அந்த மாநில நீதித் துறையிடம் ஒவ்வொரு அனுப்புதலுக்கும் ஒரு சரிபார்ப்பு எண் வாங்க வேண்டும். அந்த எண் இல்லாத பெட்டியை அங்கே வாங்க மாட்டார்கள். கைத்துப்பாக்கி என்றால் அந்த மாநிலத்தின் அங்கீகாரப் பட்டியலில் மாடல் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பட்டியலில் இல்லாததை வெளியிலிருந்து வரவழைத்துச் சாதாரண ஆளுக்குக் கொடுக்க முடியாது. 10 தோட்டாவுக்கு மேல் கொள்ளும் மேகசின் கலிஃபோர்னியாவுக்கும் நியூ ஜெர்சிக்கும் வாஷிங்டன் மாநிலத்துக்கும் போகக் கூடாது. பெட்டி மூடும் முன் எடுத்துவிடுங்கள். நியூ ஜெர்சியில் கைத்துப்பாக்கிக்குத் தனி அனுமதிச்சீட்டு வேண்டும், அதற்கு 90 நாள் ஆயுள். சரக்கு வழியில் நிற்கும்போதே சீட்டு செத்துப்போகும், நீட்டிப்பு கேட்க வேண்டிவரும். இல்லினாயில் அந்த மாநில அடையாளச் சீட்டும் 72 மணி நேரக் காத்திருப்பும் உண்டு. எந்த மாநிலமானாலும் மாடல், மேகசின் அளவு, குழல்முனையில் மாட்டியிருப்பவை இவற்றைப் பெறும் டீலருக்குப் படத்தோடு அனுப்பி, "இதை என்னால் கைமாற்ற முடியும்" என்று எழுத்தில் பதில் வாங்குங்கள்.

அமெரிக்காவில் உள்ள நம்மவர்கள் பலர் எச்-1பி, எல்-1, எஃப்-1 விசாவில் இருக்கிறார்கள். இவையெல்லாம் குடியேற்றம் சாராத விசா. இவற்றில் வந்தவர்கள் துப்பாக்கி வாங்கவோ வைத்திருக்கவோ சட்டம் தடுக்கிறது. ஆனால் ஏதாவதொரு அமெரிக்க மாநிலம் கொடுத்த செல்லுபடியாகும் வேட்டை லைசென்ஸ் இருந்தால் விலக்கு உண்டு. அதைக் கையில் கொண்டுபோகாமல் கடைக்குப் போனால் அன்றைய கைமாற்றம் நடக்காது. காலாவதியாகியிருந்தால் வீட்டில் இருக்கும் துப்பாக்கிக்கும் சிக்கல். கிரீன் கார்டு உள்ளவர்களுக்கு இந்தத் தடை இல்லை. சோதனைக்காகக் கடையில் நிரப்பும் 4473 படிவத்தில் தங்கள் குடியேற்றத் துறை எண்ணை எழுதினால் போதும்.

கவுன்டரில்

வாங்குபவர் முதலில் செய்ய வேண்டியது துப்பாக்கியைப் பார்ப்பது. 4473 என்ற படிவத்தை நிரப்புவது அதற்குப் பிறகுதான். வரிசை மாறினால் நஷ்டம் வாங்குபவருக்கு. படிவம் முடிந்து துப்பாக்கி அவர் கைக்குப் போய்விட்டால் அது அவருடையது. திருப்பி அனுப்புவது புதிதாக இன்னொரு விற்பனை மாதிரி. குழலுக்குள் விளக்கு அடித்துப் பார்ப்பது, ஸ்டாக்கில் விரிசல், திருகுகளின் தலை, சீரியல், சொன்ன மேகசின்கள் வந்தனவா என்பது எல்லாம் டீலர் கையில் இருக்கும்போதே முடிய வேண்டும். சுடாமல் பார்த்து, பிடிக்காவிட்டால் திருப்பிக் கொடுக்க மூன்று நாள் என்பது பொதுவான வழக்கம். அந்த மூன்று நாள் எப்போது தொடங்கும் என்று பேசி வையுங்கள். டீலர் கைக்கு வந்த நாளிலிருந்தா, வாங்குபவர் பார்த்த நாளிலிருந்தா? சண்டை வருவது இங்கேதான்.

படிவத்தில் எழுதும் முகவரி அடையாள அட்டையில் உள்ளதோடு பொருந்த வேண்டும். வீடு மாறியிருந்தால் புது முகவரி உள்ள வேறு அரசு ஆவணம் ஒன்று, உதாரணமாக வண்டிப் பதிவுச் சான்று, சேர்த்துக் காட்டலாம். மின்கட்டண ரசீதைக் கொண்டுவந்து நிற்பவர்கள் அதிகம். தனியார் கம்பெனி ரசீது செல்லாது.

சோதனையில் மூன்று விதமான பதில் வரும். சரி என்றால் அன்றே முடியும். தாமதம் என்றால், மூன்று வேலைநாள் கடந்தும் மறு பதில் வராவிட்டால் டீலர் கொடுக்கலாம். கொடுக்க வேண்டும் என்று கட்டாயம் இல்லை, அவர் இஷ்டம். 21 வயதுக்குக் கீழ் இருந்தால் 2022-இல் வந்த சட்டப்படி இது 10 வேலைநாள்வரை நீளலாம். ஒரு சோதனைக்கு 30 நாள்தான் ஆயுள். ஊருக்குப் போய்விட்டுத் தாமதமாக வந்தால் மீண்டும் முதலிலிருந்து. பெயர் ஒற்றுமையால் அடிக்கடி தாமதமாகிறவர்கள் எஃப்பிஐயிடம் விண்ணப்பித்து ஒரு தனி அடையாள எண் வாங்கிக்கொள்ளலாம். அதைப் படிவத்தில் எழுதினால் குழப்பம் குறையும்.

மறுப்பு என்று வந்தால் டீலரிடம் காரணம் கேட்டுப் பயனில்லை, அவருக்குச் சொல்ல மாட்டார்கள். வாங்குபவர் எஃப்பிஐயிடம் மேல்முறையீடு செய்ய வேண்டும். அந்த நொடியில் பலர் வாயிலிருந்து வரும் வாக்கியம் "என் மனைவி பெயரில் எழுதிக்கொள்ளுங்கள்". அதைக் கேட்டதும் நல்ல டீலர் கதவை மூடிவிடுவார். இன்னொருவருக்காகப் பெயர் கொடுத்து வாங்குவது 2022 முதல் தனிக் குற்றம், 15 ஆண்டுவரை சிறை.

பணம் பற்றிச் சுருக்கமாக. பேபால் விதிகளில் துப்பாக்கி விற்பனைக்கு இடமில்லை, கணக்கையே முடக்குவார்கள். அஞ்சல் மணி ஆர்டர் பாதுகாப்பானது, அஞ்சலகத்திலேயே கொடுத்துக் காசாக்கி உண்மையா என்று பார்த்துவிடலாம். வங்கிக் காசோலை என்றால் பணம் உண்மையில் கணக்கில் ஏறும்வரை பெட்டியைத் தொடாதீர்கள். கணக்கில் தொகை தெரிவதும் வங்கி அதை உறுதி செய்வதும் வேறு வேறு.

கைமாற்றம் நடக்காமல் போனால் துப்பாக்கி வந்த வழியே திரும்ப வேண்டும். திருப்பும் செலவு யாருடையது, கடையில் கிடக்கும் நாளுக்கு வாடகை உண்டா, டீலர் தன் கட்டணத்தைத் திருப்புவாரா என்பதெல்லாம் முன்பே பேசாவிட்டால் மூன்று பேரும் ஒருவரை ஒருவர் கை காட்டுவார்கள். பெறும் டீலர் அதை அனுப்பிய டீலருக்கே திருப்பி அனுப்புவது சுத்தமான வழி. அங்கே அது மறுபடி வரவாகும். விற்றவர் அதை எடுத்துக்கொள்ளப் போகும்போது தற்போதைய முகவரி உள்ள அடையாள அட்டையைக் கொண்டுபோக வேண்டும். தன் சொந்தத் துப்பாக்கியே ஆனாலும் அன்று 4473 நிரப்பி, சோதனையில் தேறித்தான் அவர் அதை வீட்டுக்கு எடுத்துப் போக முடியும்.